வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு

ஊருக்குப் பெயர் கருப்பூர்.
விழுவதெல்லாம் வெள்ளை.
வெள்ளைக்கல் ஏற்றிப் போகும் லாரிகள்
தார்ப்பாய் கட்டுவதில்லை.
வாடகை ஏன் இவ்வளவு கம்மி என்று
நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை பெயிண்ட் கடையில்
ஒன்பது வருஷம் கலர் கலந்தவள் நான்.
தாவூது டிங்கர்.
கம்பெனி சர்வீஸ் சென்டரில் இப்போது
யாரும் தட்டி எடுப்பதில்லையாம்.
கழற்று, மாட்டு. கழற்று, மாட்டு.
"அதுக்கு ஸ்பேனர் போதும், நான் எதுக்கு"
என்று சுத்தியலோடு வந்துவிட்டான்.

ஒரு லட்சம் சீட்டு.
எழுபத்தெட்டுக்குத் தள்ளி எடுத்தேன்.
மூடிப்போன சேகோ ஆலையில் கம்ப்ரசர் ஒன்று,
பழைய இரும்பு விலைக்குப் பேசி.
முதல் நாள் திறந்துவிட்ட காற்றில்
புளித்த மரவள்ளி வாசம்.
"பூஜையே வேணாம், பாயசம் ஆச்சு" என்றான் தாவூது.

போர்டு எழுதியவர்
டிங்கரிங்கில் ஒரு புள்ளியை விட்டுவிட்டார்.
ஏணி போட்டு நானே வைத்தேன்,
கையிலிருந்த மெரூனில்.

இருபத்து மூன்று நாள்.
பஞ்சர் கேட்டு நான்கு பேர்.
இன்ஜினியரிங் காலேஜுக்கு வழி கேட்டு இரண்டு பேர்.
ஓனர் எங்கேம்மா என்று
ஓனரிடமே கேட்டவர் ஒருவர்.

இருபத்து நான்காம் நாள்
ஏற்காடு இறங்கி வந்தது ஒரு வெள்ளைக் கார்.
பதினொன்றாம் வளைவு.
எதிரே பஸ், இடப்பக்கம் சுவர்.
ஓட்டியவர் பள்ளிக்கூட கிளார்க் எத்திராசு.
ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வருகிறார்கள்,
வண்டி வாசலில் நிற்கணும்,
முழுசாக.

உள்ளே சுத்தியல், வெளியே டாலி,
தாவூது தட்டத் தட்ட
தகரம் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே வந்தது.
"எப்படி இருந்தோம்னு அதுக்கே தெரியும்,
நாம கேட்டாப் போதும்" என்பான்.
அந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்கு வராது.
எனக்குத் தெரிந்தது வெள்ளை.
டின்னில் இருக்கும் வெள்ளை ஒன்று,
எட்டுக் கோடை பார்த்த வெள்ளை இன்னொன்று.
ஒரு சொட்டுக் கறுப்பு,
அரைச் சொட்டு மஞ்சள்,
குச்சியில் தொட்டுக் கதவோரம் வைத்து
வெயிலில் பார்த்து, நிழலில் பார்த்து,
போதாது,
இன்னும் கால் சொட்டு.

அடித்து முடித்து
கிளியர் ஈரமாக மின்னும்போது
மூன்று லாரி.
கதவு முழுக்க ரவை தூவின மாதிரி.

தாவூது என்னைப் பார்க்கவில்லை.
நான் லாரி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதனிடம் நம்பர் கேட்பதுபோல.

காயவிட்டு, தண்ணீர் விட்டு,
ஆயிரம் நம்பர் தாளில் தேய்த்து எடுத்தோம்.
மறுநாள் ராத்திரி, சுரங்கம் தூங்கும் நேரம்,
தரையை நனைத்து,
பந்தல் கடையில் வாடகைக்கு எடுத்த
கல்யாணத் திரைகளை நனைத்துச் சுற்றிலும் கட்டி,
சொட்டுகிற ஜிகினாவுக்கு நடுவே
இரண்டு நாற்பதுக்குத் துப்பாக்கியை எடுத்தேன்.
நாய் குரைக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை எத்திராசு வந்தார்.
கதவைத் தடவினார்.
குனிந்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
"இதுல என்னம்மா வேலை செஞ்சீங்க?
ஒண்ணுமே தெரியலையே.
எட்டாயிரமா?"

போனை எடுத்து
நசுங்கிய கதவின் படத்தைக் காட்டினேன்.
யார் வண்டியோ போலப் பார்த்தார்.
தெரியாமல் இருப்பதற்குத்தான் ஐயா எட்டாயிரம்
என்று நாக்கு நுனிவரை வந்தது.
திங்கட்கிழமை சீட்டுத் தவணை.
ஐந்நூறு குறைத்துக் கொடுத்ததை
எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

அவர் போன பிறகு
அடுத்த வண்டி இல்லாத தரையைத்
தாவூது பெருக்கிக்கொண்டிருந்தான்.
மிச்ச வெள்ளையை ஒரு பாட்டிலில் ஊற்றி
சீட்டு எழுதி ஒட்டினேன்:
எத்திராசு. இடது முன்கதவு. எட்டுக் கோடை.

வைத்திருக்கலாம்.
பதினொன்றாம் வளைவு
அங்கேயேதான் இருக்கிறது.