அறிக்கையில் எழுதாத வெள்ளிக்கிழமை

இந்த வாரம் செவ்வாயில்தான் தொடங்கியது.
திங்கள் முழுக்கக் குழாய் உறைந்து கிடந்ததில்
குளிக்கவுமில்லை, அந்த நாளைக்
கணக்கில் சேர்க்கவுமில்லை.

எர்தெனெத் நகரம், ஐந்தாம் மாடி.
சன்னலைத் திறந்தால் நிலக்கரிப் புகை.
மூடினால் எங்கள் இருவர் மூச்சும்
கண்ணாடியில் பனியாகப் படிகிறது.
ஐடஹோவில் உருளைக்கிழங்கு வயலைக் குத்தகைக்கு விட்டு
நாயைப் பக்கத்து வீட்டில் விட்டு
பதினெட்டு மாத ஊழியத்துக்குக் கையெழுத்திட்டபோது
வெர்லனுக்கு எழுபத்திரண்டு.
கறுப்புப் பெயர்ப்பட்டையைக் காலையில்
நான்தான் அவர் கோட்டில் குத்திவிடுகிறேன்.
அவர் விரல்கள் இப்போதெல்லாம் ஊசிக்குப் பணிவதில்லை.

மங்கோலிய மொழியோ எங்கள் வாயில்
சுடுகிழங்கு மாதிரி உருள்கிறது.
கடையில் நன்றி சொல்லப் போய் அவர்
வேறென்னவோ சொல்லிவிட
கடைக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்து
ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள்.
ஆசீர்வாதம் என்று குறித்துக்கொண்டார்,
தேதியோடு.

புதன்கிழமை துலம்சுரேனின் கூடாரம்.
சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவள்.
இரவுப் பணி முடிந்து வந்த கண்களோடு
வாசலிலேயே சொல்லிவிட்டாள்:
"யேசு வேண்டாம். புகைபோக்கியைப் பாருங்கள்."
வெர்லன் கோட்டைக் கழற்றினார்.
நான் பிடித்த ஏணியில் ஏறி
இரண்டு மணி நேரம் கரியோடு மல்லுக்கட்டினார்.
இறங்கி வந்தபோது பெயர்ப்பட்டையில்
எங்கள் சபையின் பெயரும் தெரியவில்லை,
அவர் பெயரும் தெரியவில்லை.
அடுப்பு பற்றியது.
அவ்வளவுதான் பேச்சு.

வியாழனன்று மகளுக்குக் கடிதம்.
வாரம் ஒன்று, இருபது வருடமாக.
சபையைவிட்டுப் போன நாளிலிருந்து கார்லீன்
எங்களுக்கு அனுப்புவது வானிலை மட்டும்.
'இங்கே மழை.' 'இன்றும் மழை.'
அதுவும் ஒரு சங்கீதம்தான் என்பார் வெர்லன்.
எனக்கு அது மழை.

வெள்ளி காலை கதவு தட்டப்பட்டது.
துலம்சுரேன்.
ஒரு பை காய்ந்த தயிர்க்கட்டி, ஒரு குப்பி பால்,
ஒன்பது குழி செதுக்கிய மரக்கரண்டி.
கேளாமலே பால்கனிக்குப் போனாள்.
குழிகளில் பால் ததும்ப
வானத்தை நோக்கி வீசினாள், ஒருமுறை, மறுமுறை.
பயணம் போகிறவர்களுக்காகத் தெளிப்பதாம்.
நாங்கள் எங்கும் போகவில்லையே என்றேன்
சைகையும் அரைகுறைச் சொல்லுமாக.
"போவீர்கள்" என்றாள். "எல்லோரும் போவோம்."
குளிரில் அவள் உதடு என்னவோ முணுமுணுத்தது.
அது முடிந்த இடத்தில்
என்னையறியாமல் ஆமென் என்றேன்.

சனிக்கிழமை அறிக்கைத் தாளில் ஒரு கட்டம்:
எத்தனை பேருக்குப் போதித்தீர்கள்?
பூஜ்யம் போட்டேன்.
எத்தனை பேர் உங்களுக்காக வேண்டிக்கொண்டார்கள் என்று
கட்டம் ஏதும் இல்லை.
வெர்லன் எட்டிப் பார்த்துவிட்டு
பேனாவை மூடிவைத்தார்.

ஞாயிறு ஆராதனைக்குப் பதினோரு பேர்.
அதில் ஒருவர் குளிர்காய வந்தவர்;
கடைசிவரை இருந்தார், தொப்பியோடு.

அன்றிரவு கட்டிலருகே முழங்காலிட்டோம்.
அவருக்குக் கீழே ஒரு தலையணை, எனக்கு இரண்டு.
பிள்ளைகளைப் பேர்பேராகச் சொல்லி வந்தவர்
கடைசிப் பெயரில் நின்றுவிட்டார்.
சுவர்க்கடிகாரம் கேட்டது.
அவர் மறக்கத் தொடங்கி மூன்று மாதம்
என்பது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும்.
எடுத்துக்கொடுக்க வாய் திறந்தேன்.
அதற்குள் அவரே சொன்னார்:
"பிதாவே, அந்த... மழை அனுப்புகிற பிள்ளையையும்."

அவர் தூங்கிய பிறகு தொலைபேசி ஒளிர்ந்தது.
கார்லீன்.
'அங்கே எத்தனை டிகிரி?'

இருபது வருடத்தில் முதல் கேள்வி.
வசனம் ஒன்று எழுதினேன், அழித்தேன்.
அப்பாவைப் பற்றி எழுதினேன்,
அதையும் அழித்தேன்.
மைனஸ் முப்பத்தொன்று
என்று மட்டும் அனுப்பிவிட்டு
போர்வைக்குள் கைப்பேசியைப் பிடித்தபடி
விழித்துக் கிடந்தேன்.