ஏழு இருக்கை வண்டி

கூலிமிலிருந்து காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம்.
ஸ்டியரிங்கில் என் வீட்டுக்காரர், பக்கத்தில் நான்.
கடைசி வரிசையில் அவர் தம்பி,
முழங்கால் இரண்டும் முகவாயைத் தொட.
நடுவில் மூன்று பிள்ளைகள்,
நாசி லெமாக் பொட்டலங்கள்,
பத்தொன்பது மாத மௌனம்.

வீடு விற்ற காசில் எட்டாயிரம் ரிங்கிட்
எங்கே போனது என்பதில் தொடங்கியது அது.
எட்டாயிரம் எப்போதோ கரைந்துவிட்டது.
மௌனம் மட்டும் வட்டி போட்டு வளர்ந்தது.

இந்தப் பயணம்
நானும் ஓரகத்தி கோகிலவாணியும்
ஃபேக்டரி கேண்டீனில் போட்ட திட்டம்.
இன்னொரு வண்டி ஒர்க்‌ஷாப்பில் என்று சொல்லிவிட்டோம்.
பொய்யில் ஆளுக்குப் பாதி.

பாலத்தின் இரு பக்கமும் கடல்
ஈயத்தட்டாய்க் கிடந்தது.
"அங்க பாரு, கப்பல்" என்றார் இவர், பொதுவாக.
"எங்க?" என்று கேட்டவன் யுகேஷ்.
பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமியதோடு சரி.

தஞ்சோங் பூங்காவில் தண்ணீர்மேல் நின்றது பள்ளிவாசல்.
பத்து ஃபெரிங்கியில் ஒரு வெள்ளைக்காரர்
பாராசூட்டில் தொங்கிப் போனார்.
"காசையும் குடுத்துட்டுத் தொங்கணுமா?"
கோகிலா கேட்டதற்கு
அண்ணனும் தம்பியும் தனித்தனியாகச் சிரித்தார்கள்.

தெலுக் பஹாங் படகுத்துறையில்
இட்ரிஸ் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை நீட்டினான்.
எல்லாம் ஒரே அளவு.
போட்டுக்கொண்டபின்
அண்ணன் யார், தம்பி யார் என்று
பின்னாலிருந்து எனக்கே தெரியவில்லை.

குரங்குக் கடற்கரையில் இறங்கிப் பத்து நிமிடம் இருக்காது,
கறிபாப் பையைப் பிடுங்கி ஓடியது ஒரு கடுவன்.
போகட்டும் என்று சிரித்தோம்.
இவர் மட்டும் கால்சட்டைப் பையைத் தடவினார்.
இரண்டாவது முறையும் தடவினார்.
வண்டிச் சாவி அந்தப் பையில்.

"டேய், பிடிடா!"

"அண்ணே, அந்தப் பக்கம் வா!"

கோகிலா என் கையைக் கிள்ளினாள்.
நான் மூச்சுகூட விடவில்லை.

வாதுமைக் கிளையில் சாவகாசமாக உட்கார்ந்து
கிழங்கை மட்டும் தின்று
ஓட்டைக் கீழே போட்டது கடுவன்.
கீழே நாற்பத்தாறு வயதும் நாற்பத்து மூன்று வயதும்
தலையில் கறிபாப் துகளோடு அண்ணாந்து நின்றன.

பை ஓரிடத்தில் விழுந்தது, சாவி எங்கேயோ.
மண்டியிட்டு மணலைச் சலித்தார்கள்.
இவர் தோண்டிய குழியை
அவர் தள்ளிய மணல் மூடியது.
கடைசியில் சின்னவள் மித்ரா
நண்டு வளை என்று விரலை விட்டுச்
சாவியை எடுத்தாள்.
நண்டு வரவில்லை என்று
படகேறும்வரை அழுதாள்.

கெராச்சுட்டில் ஓர் ஏரி.
மேலே ஆற்று நீர், கீழே கடல் நீர்,
கலக்காமலே ஒன்றன்மேல் ஒன்று கிடக்குமாம்.
தர்ஷினி பலகையைச் சத்தமாய்ப் படித்தாள்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஏரி வற்றிக் கிடந்தது.
சேறு, ஒரு கொக்கு, பெரிய உடும்பின் தடம்.
இப்போ சீசன் இல்லை என்றான் இட்ரிஸ்,
தன் குற்றம் போல.

ஆமைக் காப்பகத்துத் தொட்டியில்
உள்ளங்கை அளவுக் குஞ்சுகள்
ஒரே சுவரை முட்டிக்கொண்டிருந்தன.
அந்தச் சுவருக்கு அப்பால்தான் கடல்.
பிள்ளைகளை அங்கிருந்து கிளப்ப அரைமணி ஆயிற்று.

பிறகு பேசிக்கொண்டார்களா என்றால், இல்லை.
கர்னி டிரைவில் பசெம்பூர் வந்தபோது
அண்ணன் தட்டிலிருந்த கணவாயைத்
தம்பி கேட்காமல் எடுத்தார்.
இவர் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினார்.
அந்தப் பக்கமாக.

திரும்பும்போது கால் வலி, நீட்டிக்கொள்ள வேண்டும் என்று
நான் கடைசி வரிசைக்குப் போனேன்.
அங்கே கால் நீட்ட இடமே இல்லை என்பதை
யாரும் சொல்லவில்லை.
முன்னால் தம்பி.
பாலம் முழுக்க நெரிசல், சிவப்பு விளக்குகள்.
பிள்ளைகள் மணலோடு தூங்கிவிட்டார்கள்.

குபாங் செமாங் டோலில் தம்பி தன் அட்டையை நீட்டினார்.
"வச்சிக்க. இதுல காசு இருக்கு."
"இதுலயும் இருக்கு."
"எடுடா கைய."
"நீ எடு."

ஜன்னலில் இரண்டு அட்டைகள்.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
கோகிலாவும் நானும்
தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டோம்.