ஜூலைத் தாள்

உலான்பாத்தரில் குளிர்காலம்.
கரிப்புகை ஜன்னலை அடைத்துவிட்டால்
என் திரையில் மட்டும்தான் வானம்.

கான்சோரிக் நல்ல படக்காரன், அவசரக்காரன்.
குதிரையின் முகத்துக்கு வெளிச்சம் அளந்துவிட்டு
வானத்தைக் கோட்டைவிடுவான்.
காலண்டருக்குப் பன்னிரண்டு படம்.
பன்னிரண்டிலும் மேல்பாதி சாயம் போன துணி.

வெளுப்பில் இரண்டு வகை.
ஒன்றில், ஹைலைட்டைக் கீழே இழுத்தால்
முதலில் ஒரு சாம்பல், பிறகு மேகத்தின் விளிம்பு
கூச்சத்தோடு வெளியே வரும்.
மற்றதில் எவ்வளவு இழுத்தாலும்
வெள்ளை அழுக்கு வெள்ளையாகும், அவ்வளவுதான்.
அங்கே எதுவுமே பதிவாகவில்லை.
அதற்கென்றே ஒரு கோப்பு வைத்திருந்தேன்:
'நல்ல வானங்கள்'. மொத்தம் நாற்பத்தியொன்று.

பதினேழாவது, ஏரிமேல் எடுத்தது,
எந்தக் குன்றுக்கும் பொருந்தும்.
வயிறு கறுத்த மேகம்,
இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் ஒரு மழைக்கால்.
பிடரிமயிரை இழை இழையாகப் பிரித்து வெட்டி,
நிழல் விழுந்த திசைக்கு மேகத்தைப் புரட்டிப்போட்டு
ஜூலைத் தாளை முடித்தபோது
முதலாளி தோளில் தட்டினார்.

ஜனவரியில் ஒரு போன்.
டுண்ட்கோவியிலிருந்து. பேர் செவெக்மித்.
படத்தில் நிற்பது தன் குதிரையாம்.
திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.
நிதானமாகத்தான் கேட்டார்:
"அந்த மேகம் எங்கே போய்ப் பெய்தது, மகளே?"

அந்த ஜூலையில் அவர் கூடாரத்தின்மேல்
ஒரு துளி இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டைப்
பாதி விலைக்குத் தள்ளியிருக்கிறார்.
"அவசரப்பட்டு விற்றீர்கள், மழை வந்துகொண்டிருந்திருக்கிறது என்று
மருமகன் சண்டைக்கு நிற்கிறான்.
படத்தில் இருக்கிறதே என்கிறான்."

வானம் பொய்த்த மாதம்.
அதன்மேல் நானும் ஒருமுறை பொய்த்தேன்.

மூலப்படத்தைத் திறந்தேன்.
ஹிஸ்டோகிராம் வலப்பக்கச் சுவரில் போய் முட்டி நின்றது.
அன்றைக்குத்தான் பார்த்தேன், குதிரையின் விலா எலும்புகளை.
எண்ணலாம்.
மூன்று நாள் அதன் பிடரியைச் செதுக்கியவள்
ஒரு சாண் கீழே பார்க்கவில்லை.

அடுத்த வருடம் ஜூலைக்கு வேறு படம்.
வெளுத்த வானத்தை வெளுத்தபடியே அனுப்பினேன்.
"அச்சுப் பிழை மாதிரி இருக்கிறதே?"
நீல மை மிச்சம் என்றேன்.
முதலாளி யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஒரு நவம்பரில், கோபிச் சாலையில்,
வண்டி சூடேற நிறுத்திய சாப்பாட்டுக் கடையில்
அந்தத் தாள் தொங்கியது.
மாதங்கள் போயும் யாரும் கிழிக்கவில்லை.
வெள்ளை வானம் முழுக்கப் பால்பாயின்ட் எழுத்து:
டீசல் கடன், மாட்டு வைத்தியரின் எண்,
ஐந்தைந்தாய்க் குறுக்கே வெட்டிய கோடுகள்
(குட்டிகளா, இறந்தவையா, கேட்கவில்லை).
குன்றுக்குச் சற்று மேலே,
என் மழைக்கால் இறங்கியிருக்கக்கூடிய இடத்தில்,
வேறொரு கையெழுத்து:

ஒன்பதாம் தேதி. தூறல்.
பத்து நிமிடம்.