ஒலியை அணைத்துவிட்டு

லிங்கராஜபுரம், இரவு பதினொன்றே கால்.
பத்துக்கு மேல் பாட்டு கூடாது
என்று பிஜி கதவில் ஒட்டியிருக்கிறது.
ஹெட்போன் ஒயரை எலி கடித்து
மூன்று வாரம்.
கீபோர்டின் ஒலியை அணைத்துவிட்டு வாசிக்கிறேன்
டக் டக்கென்று பிளாஸ்டிக் மட்டும்.

வெள்ளிக்கிழமை ஆடிஷன்.
ஆங்கிலத்தில் ஒன்று, தாய்மொழியில் ஒன்று,
பிறகு பார்த்திராத தாளைத் தந்து
உடனே வாசிக்கச் சொல்வார்களாம்.
விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வேறு:
நீ ஏன் ஆராதிக்கிறாய், நூறு சொற்களுக்குள்.
பதினேழில் நிற்கிறேன்,
அதில் நான்கு அடித்தவை.

இரண்டாம் சரணத்தில்
சுருதி ஏறுமிடத்தில்
கண் தானாக மூடிக்கொள்ள வேண்டும்.
குளியலறைக் கண்ணாடி முன்
அதையும் பழகிப் பார்த்தேன்.
ஆண்டவரே,
அது நன்றாகவே வருகிறது.
பயமாயிருக்கிறது.

கீழ்க்கட்டிலில் ஷைலஜா,
ஐந்து மணி ஷிப்டுக்காக
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்.
ஒரு கறுப்புக் கட்டையைத் தவறவிட்டேன்.

"நேத்தும் அங்கதான் விட்டே"
என்கிறாள்
தன் கன்னடத் தமிழில்,
போர்வைக்குள்ளிருந்து.

யாருக்கும் கேட்காது என்றல்லவா
இத்தனை நாள் வாசித்தேன்.

சரணத்தின் தொடக்கத்துக்குப் போகிறேன்.
இந்த முறை
கண்ணைத் திறந்தே.