வானிலை அறிக்கை

நூலகத்தை ஒட்டிய சாமான் அறைதான் எங்கள் ஒலிக்கூடம்.
விளையாட்டு விழாக் கொடிகள், கால் உடைந்த நாற்காலி,
சுவர் முழுக்க முட்டைத் தட்டுகள்.
கோப்பிக்கடை ஆ சியோங் சும்மா கொடுத்தார்.
ஒன்றிரண்டில் இறகு ஒட்டியிருந்தது.

பாடத்திட்டத்தில் இதற்குப் பெயர் கேட்டல், பேச்சுத் திறன்.
சுற்றறிக்கையில் வலையொலி.
ஐந்தாம் ஆண்டுக்கு அது பாட்காஸ்ட்:
ஓய்வு நேரம் முடிந்ததும் என் கைப்பேசி,
காலுறைக்குள் நுழைத்த ஒரு மைக்.

பதினேழு பேர்.
லோஷினி செய்தி.
கவிநேசன் விடுகதை, விடையைச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்பான்.
ஹேமவர்மன் வானிலை.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேடு ஏறினால் நிறுத்துவோம்.
பத்து நாற்பது ரயிலுக்கு எப்படியும் நிறுத்த வேண்டும்.
லாபிசில் அது நிற்குமோ நிற்காதோ,
எங்கள் வாக்கியம் நிற்கும்.

முதல் மூன்று பகுதிகள் அப்படியே போயின,
எனக்கு வெட்டத் தெரியாது.
நான்காவதை மாவட்டக் கல்வி இலாகா கேட்கப்போகிறது என்றார்
தலைமையாசிரியர்.
இரவு உட்கார்ந்து பழகினேன்.
"வந்து" வெட்டு. மூக்கை உறிஞ்சியது வெட்டு.
பெஞ்சு கிறீச்சிட்டது, "அவன் கிள்றான் டீச்சர்",
வெட்டு, வெட்டு.
ஹேமவர்மனின் மழைக்கு எப்போதும் ஒரு வால் இருக்கும்:
"பிற்பகலில் இடியுடன் மழை பெய்யலாம்.
நீல வாளி ஓட்டைய அடைச்சாச்சு.
தம்பிக்குக் காய்ச்சல் விட்டுருச்சு."
என்ன பிள்ளை இது என்று சிரித்தபடியே
அதையும்.

மறுவாரம் மணியடித்தும் அவன் நகரவில்லை.
சப்பாத்து நுனியால் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டு,
"என்னோடத மட்டும் ஏன் டீச்சர் வெட்டுனீங்க?"
எல்லாரோடதும் வெட்டினேன்பா.
"அவங்களுக்கு இருமல்தான போச்சு."

அம்மா சிங்கப்பூரில். மின்னணு ஆலை, இரவு வேலை.
மாதம் ஒரு பஸ்.
போன் பண்ணிச் சொல்லலாமே?
"போன்ல பேசுனா அழுவுறாங்க.
இதுல அழுதாலும் எனக்குக் கேக்காது."

மூன்று நாள் பட்டறைக்குப் போனவள் நான்.
இந்த ஊடகம் ஒருவழிப் பாதை என்பதைக்
குறைகள் என்ற தலைப்பின் கீழ்தான்
எழுதிவைத்திருந்தேன்.

அன்றிரவு எண்களைத் திறந்தேன்.
மலேசியா பத்தொன்பது. அதில் ஐந்து நானே.
சிங்கப்பூர் ஏழு.
ஏழும் நான்காம் பகுதி,
விடியற்காலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்,
நான் வால் நறுக்கிய மழையை
யாரோ ஏழு தடவை தேடியிருக்கிறார்.

பழைய கோப்பு அழியாமல் இருந்தது. ஒட்டினேன்.
ஒட்டிய இடத்தில் ஒரு சின்ன டக் சத்தம்,
எவ்வளவு முயன்றும் போகவில்லை.

ஐந்தாம் பகுதியில் ரயில் வந்தது, யாரும் நிறுத்தவில்லை.
கவிநேசன் அதன்மேல் கத்தி விடை சொன்னான்.
இலாகாவிலிருந்து குறிப்பு வந்தது:
பின்னணி இரைச்சல் அதிகம்,
வானிலையில் தொடர்பற்ற வாக்கியங்கள்.
தலைமையாசிரியர் அதைக் கோப்பில் போட்டார்,
ஒன்றும் சொல்லாமல்.

நாளை ஆறாவது.
கணக்கு நோட்டில் கிழித்த தாள் என் மேசையில்:
மேகமூட்டம். வெப்பம் முப்பத்து மூன்று.
தம்பிக்கு முன்பல்லு விழுந்திருச்சு.
கூரைமேல போடல.
வெச்சிருக்கோம்.