மூச்சை இழுத்துப் பிடிங்க

ஒரு நாளைக்கு அறுபது மார்பு எனக்கு.
ஐந்து ரோடு ஸ்கேன் சென்டரில்
தாடையைத் தூக்கி, தோளை முன்னே தள்ளி
"மூச்சை இழுத்துப் பிடிங்க…
ம், விடுங்க."
அப்புறம் திரையில்
அவரவர் இழுத்த வருஷங்கள்.

இன்று வயரிங் வேலை, சென்டர் மூடல்.
லேடீஸ் சீட்டுக்குக் கீழ்ச்சரிவில்
ரோஸ்லின் வீட்டுப் பின்புறம்,
மிளகு காயும் தார்ப்பாயோரம்
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
என் மடியில் ஒரு மரப்பெட்டி.
உள்ளே, இருந்த ஐந்தில்
நான்கின் பள்ளமும்
ஒரு சுருட்டும்.

தாமஸ் எட்வின் கொடுத்தது. காபித் தோட்டக்காரர்.
படம் எடுத்த மறுவாரம்
டோக்கன் வாங்கி வரிசையில் நின்றே வந்தார்.
"நிறுத்தச் சொல்லிட்டாங்க.
டிரைவருக்குக் கொடுத்தா பீடி மாதிரி இழுத்துடுவான்.
நீங்க என் நெஞ்சைப் பார்த்தவங்க."
மற்ற நான்கையும் என்ன செய்தார் என்று
நான் கேட்கவில்லை.
பெட்டி மூடியில் அவர் கையெழுத்து:
உள்ளே இழுக்க வேண்டாம்.
நிமிஷத்துக்கு ஒரு தரம் போதும்.
அவசரப்பட்டால் கசக்கும்.

நுனியை நறுக்க, பஞ்சுத்துணி வெட்டும் கத்தரி.
பற்றவைக்க ஏழு குச்சி; ஏழையும் காற்று தின்றது.
ரோஸ்லின் அடுப்பு லைட்டரோடு வந்தாள்.
"ஊதுவத்தியா கொளுத்துற? சாய்ச்சுப் பிடி."

முதல் வாய்:
மழை நனைத்துக் காய்ந்த வைக்கோல்,
கொஞ்சம் கோணிச்சாக்கு.
இதற்கா இவ்வளவு என்று நினைத்தேன்.
நாலாவதில் நாக்கின் ஓரத்தில்
யாரோ மெல்ல வந்து உட்கார்ந்தார்கள்.
வறுக்கிற பதம் தாண்டாத காபிக்கொட்டை.
அதன் பின்னால்
தார்ப்பாயிலிருந்து வந்ததா, இலையிலிருந்தா,
தெரியாத ஒரு மிளகு.

ரோஸ்லின் வாங்கி ஒரு இழுப்பு,
இருமி, கண்ணில் நீரோடு
"கருப்பட்டி" என்றாள்.
இல்லை என்றேன்.
பத்து நிமிஷம் கழித்து எனக்கும் கருப்பட்டி.
அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் தெரு முனியப்பனுக்கு
ஆடியில் சுருட்டு வைப்போம்.
மீசைக்கடியில் செருகிப் பற்றவைத்தால்
காற்றுக்கு அது கனன்று கனன்று குறையும்.
சாமி குடிக்குது என்பார்கள்.
கத்தியை ஓங்கியபடியே எத்தனை வருஷம்!
ஒரு தரமாவது யாராவது
எப்படி இருக்கு என்று கேட்டிருக்கலாம்.

சாம்பல் ஒரு அங்குலம் நின்றது, விழாமல்.
தட்டாதே, அதுவே விழும் என்று
இதையும் அவர்தான் சொல்லியிருந்தார்.
அதன் நுனிக்கு நேரே, வெகு கீழே,
வெள்ளைக்கல் சுரங்கத்து மேடுகள்
வெயிலில் அதே வெளுப்பில்.
ஒரு கண்ணை மூடினால்
மேடு என் சுருட்டின் முனையில்.
மறு கண்ணை மூடினால் சேலத்தில்.
இப்படியே மாற்றி மாற்றி
எவ்வளவு நேரம் போனதோ.

வாயில் புகையை வைத்துக்கொண்டு
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன்.
விடும்போது, பழக்கதோஷம்,
"ம், விடுங்க" என்று சத்தமாய்ச் சொல்லிவிட்டேன்.
ரோஸ்லின் சிரித்த சிரிப்பில்
வேலியோரக் குரங்கு ஒன்று
மிளகை விட்டுவிட்டு ஓடியது.
நானும் சிரித்தேன். அப்புறம்
படத்தில் அவர் வலது மேல்மூலை
நினைவுக்கு வந்தது.
அந்த ஒரு வாய் மட்டும்
ருசி தெரியவில்லை.

கடைசி இரண்டு அங்குலம் சூடு, கசப்பு.
இருந்தும் விரல் சுடும்வரை விடவில்லை.
அணைக்கக் கூடாதாம், தானே அணையட்டுமாம்.
தேங்காய்ச் சிரட்டையில் கிடத்தினேன்.
சிவப்பும் பொன்னுமான காகித மோதிரத்தை
ரோஸ்லின் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டாள்.

ஐந்தே முக்கால் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
என் தலைமுடியில் அந்த வாசனை
சீட்டுக்குச் சீட்டு சாய்ந்தது.
பதினோராவது வளைவில் கண்டக்டர்
மூக்கை உறிஞ்சி, குரலைத் தாழ்த்தி
"எந்த முனியப்பன் கோயிலுக்குப் போய்ட்டு வர்றீங்க?"

"மேல" என்றேன்.
அவர் சில்லறையைத் தரும்முன்
கண்ணில் ஒற்றிக்கொண்டார்.