தேர்தல் இல்லாத மாதம்

என் பதிவேட்டில் பத்தொன்பது கட்டங்கள்.
டிரம்மில் கொசுப்புழு உண்டா,
இரண்டு வாரமாய் இருமல் உண்டா,
சர்க்கரை, பிரஷர், கடைசி மாதவிலக்கு.
தோக்கு உண்டா என்று கேட்க
கட்டம் இல்லை.

கடையாலுமூட்டில் லைசென்ஸ்காரர்களுக்குப் பயிற்சி நடந்த அன்று
முதலுதவிப் பெட்டியோடு என்னையும் உட்காரவைத்தார்கள்.
ஏட்டு அஜிலா குழலை மடக்கி
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
"காலின்னு வாய் சொல்லப்பிடாது, கண்ணு சொல்லணும்.
கண்ணு சொன்னாலும் விரலை விட்டுப் பாருங்க."

பிறகு ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தாள்.
சுவரோரம், தாழ்வாய், ஒரு மினுக்கம்.
"பன்னி" என்றார்கள் நாலைந்து பேர்.
விளக்கைப் போட்டால்
நெற்றியில் டார்ச்சோடு குனிந்து நிற்கிறாள்
பால்வெட்டும் புஷ்பபாய்.
"விடியக்காலம் மூணு மணிக்கு
உங்க தோட்டத்துலதானே நிக்கேன்" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.

ஏசுவடியான் மட்டும் பன்னி என்று சொல்லவில்லை.
அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

வியாழக்கிழமை விரல் குத்தப் போனேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது.
றோஸ்லெட் அடுக்களை வாசலில் நின்று
கண்ணை மூடித் திறந்து கைவிரித்தாள்:
உறக்கமில்லை.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு
கொசுப்புழுவைக் கேட்கிற அதே குரலில் கேட்டேன்.
"தோக்கு எங்க இருக்கு?"
"கட்டிலுக்கு அடியில."
"தோட்டா?"
ஒரு கோழி படியேறி, நின்று, இறங்கிப் போனது.
"அதுவும்."

சாகணும்னு தோணுதா?
கேட்டால் வந்துவிடும் என்று
நானும் ஒரு காலம் பயந்திருந்த கேள்வி.
"பன்னியைத்தான் நினைக்கேன்" என்றார்.
பிறகு,
"எப்பவும் பன்னியை இல்ல."

"எலக்ஷனுக்கு ஸ்டேஷன்ல கொண்டு வைப்பியளே,
ரசீது வாங்கிட்டு."
"இப்ப ஏது எலக்ஷன்?"
"இருக்குன்னு வச்சுக்கிடுங்க. மழை தோரும் வரைக்கும்."
சிரித்தாரா மூக்கை உறிஞ்சினாரா தெரியாது.

மடக்கிய குழலில் அவர் விரலை விட்டுப் பார்த்தார்.
றோஸ்லெட் விட்டுப் பார்த்தாள்.
நானும்.
பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்தோம்.
தோட்டா என் தடுப்பூசிப் பையில்.
ஆசாரிப்பள்ளத்துக்குச் சீட்டும் எழுதினேன்,
முதல் தடவை போகவில்லை,
இரண்டாம் தடவை போனார்.

ஐப்பசியில் பன்னி புகுந்து
இருபத்தேழு மூடு மரச்சீனியைக் கிளறிப் போட்டது.
"உனக்க கணக்குல எழுதிக்கோ" என்று
ரோடு வரை வந்து கத்தினார்.
முகம் சவரம் செய்திருந்தது.

எழுதினேன். கட்டம் இல்லாததால் ஓரத்தில்:
மரச்சீனி இருபத்தேழு மூடு நஷ்டம்.
சர்க்கரை நூற்று எண்பத்தாறு.
ஆள் உண்டு.